பனிமலைக்கு ஒரு காவற்காடு

மார்கழி, தை மாதங்களில் அவலூர்பேட்டையில் சுபுஹுத் தொழுகைக்குப் புறப்படும் பெரியவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுப் படியிறங்குவார்கள். "பனி கொட்டுகிறது" என்பது வழக்கமான பேச்சு. கொட்டுவது புல்நுனியில் திரளும் ஈரம்; வெயில் ஏறினால் மறைந்துவிடும். தமிழ்மொழி இந்த ஈரத்துக்கும் பனியென்றே பெயர் தந்தது. உதகைப் புல்வெளியை விடியற்காலையில் வெளுக்கச் செய்யும் உறைபனிக்கும், இமயத்தில் ஆள் உயரத்துக்கு மேல் விழுந்து கிடக்கும் வெண்பனிக்கும் அதே பெயர்தான். முன்பனி, பின்பனி என்று பருவங்களையே பிரித்து வைத்த நம் முன்னோர், கூரையை முறிக்கும் பனியையும் ஊரைப் புதைக்கும் பனியையும் கண்ணால் காணவில்லை. ஆகவே அவற்றுக்குத் தனிச்சொல் தேடும் அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை.

நம் ஊரில் ஒரு சுபேதார் சாயபு இருந்தார். ராணுவத்தில் பல்லாண்டு பணிபுரிந்து, அதில் சில குளிர்காலங்களைக் காஷ்மீரத்து மலைகளில் கழித்தவர். வாரச் சந்தை முடிந்து கூட்டம் கலைந்த மாலைப்பொழுதில் அவர் சொல்லும் செய்திகளைக் கேட்க நாம் பலமுறை அமர்ந்திருக்கிறோம். அவர் சொன்னவற்றுள் ஒன்று நம் மனத்தில் தைத்து நின்றது. "தம்பி, பனிமலையில் கூடாரம் அடிக்குமுன் மரத்தைப் பார்க்கவேண்டும். முதிர்ந்த மரம் நேராக நின்றால் அங்கே தங்கலாம். இளமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடந்தால் நிற்காதே, நடந்துகொண்டே இரு" என்றார். ஏன் என்று கேட்டோம். "அது பனி நடக்கும் பாதை" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சுருக்கமான விடைக்குப் பின்னே பெரிய வரலாறு ஒன்று இருப்பதைப் பிற்காலத்தில் நூல்களைப் புரட்டியபோது உணர்ந்தோம். அதையே இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முஸ்லிம் பயணிகளும் வரலாற்றாசிரியர்களும் பனிமலைகளைப் பற்றி ஏராளமாக எழுதியுள்ளார்கள். மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா, பின்னாளில் மதுரை வரை வந்து மஅபர் சுல்தானின் விருந்தினராகத் தங்கியவர், நம் நாட்டுக்குள் நுழையுமுன் இந்துகுஷ் மலையைத் தாண்டினார். ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதல் நாளில், அதாவது கி.பி. 1333 செப்டம்பரில், சிந்து நதிக்கரையை அடைந்ததாக எழுதியிருக்கிறார். இந்துகுஷ் என்ற பெயருக்கு அவர் தரும் விளக்கம் துயரமானது. இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அடிமைகள் அம்மலையின் குளிராலும் பனியாலும் மாண்டுபோவதால் அப்பெயர் வந்தது என்கிறார். கோடை வரும்வரை காத்திருந்தும், ஒட்டகங்களின் கால் பனியில் புதையாதிருக்கக் கம்பளித் துணிகளை முன்னே விரித்து நடத்திச் சென்றதாகக் கூறுகிறார். அவர் கடந்துவந்த பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கு, பழங்காலத்தில் வெள்ளிச் சுரங்கத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்கள் இன்றும் காட்சிசாலைகளில் உள்ளன. அவ்வளவு வெள்ளியை உருக்க எத்தனை விறகு எரிந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே பஞ்ச்ஷீரில் 2015 பிப்ரவரியில் அடுத்தடுத்து விழுந்த பனிச்சரிவுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பாபர் இன்னும் நெருக்கமாகப் பேசுகிறார். 1506-07 குளிர்காலத்தில் ஹெராத்திலிருந்து காபூலுக்கு மலைவழியே திரும்பியபோது வழி தவறி, மார்பளவுப் பனியில் சிக்கிக்கொண்டார். வீரர்கள் முறைவைத்து முன்னே சென்று பனியை மிதித்து மிதித்து வழியமைத்தார்கள். ஒரு குகை வாயிலில், தொழுகை விரிப்பளவு இடத்தைத் தாமே தோண்டி அமர்ந்துகொண்ட பாபர், தம் மக்கள் வெளியே பனியில் கிடக்கத் தாம் மட்டும் குகைக்குள் புகுவது தகாது என்று மறுத்துவிட்டார். இதே பாபர் காபூலைப் பற்றி எழுதும்போது அங்கே கிடைக்கும் விறகு வகைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எது நன்றாக எரியும் என்றெல்லாம் விவரிக்கிறார். பனியையும் எழுதினார், மரத்தையும் எழுதினார். ஆனால் மரம் அவர் கணக்கில் அடுப்புக்கு உரியது. மலைச்சரிவில் நிற்கும் மரத்துக்கும் அங்கே விழும் பனிக்கும் உள்ள உறவு அவர் கண்ணில் படவில்லை. அதற்காக அவரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. குளிரில் விறைத்தவனுக்கு விறகுதான் முதலில் தெரியும்.

அந்த உறவு என்ன என்பதை இனிக் காண்போம்.

புதிதாக விழுந்த பனி பஞ்சுபோல் இலேசானது என்று நாம் நினைக்கிறோம். ஒரு மீட்டர் உயரம் விழுந்த புதுப்பனி ஒரு சதுர மீட்டர் நிலத்தில் சுமார் 100 கிலோ எடை அழுத்தும். ஓர் ஏக்கர் காட்டின் மேல் இவ்விதம் விழுந்தால் ஏறத்தாழ 400 டன். நீர் கலந்த ஈரப்பனியானால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இந்தப் பாரத்தைத் தாங்கவே ஊசியிலை மரங்கள் கோபுரம்போல் ஒடுங்கி வளர்ந்து, கிளைகளைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, பனியை வழுக்கி விழச் செய்கின்றன. அகன்ற இலை மரங்கள் குளிர்காலத்துக்கு முன்பே இலையை உதிர்த்துவிடுகின்றன. பனி காலந்தவறி வந்தால் இந்த ஏற்பாடு பயன்படாது. காஷ்மீரத்தில் 2018 நவம்பர் தொடக்கத்திலும், மறுபடி 2019 நவம்பர் 7 அன்றும் பெரும்பனி விழுந்தபோது ஆப்பிள் மரங்கள் இலையோடு நின்றன; சிலவற்றில் பழமும் இருந்தது. இலையெல்லாம் பனியை ஏந்திக்கொள்ள, பல ஆண்டு வளர்த்த மரங்கள் அடியோடு பிளந்தன. ஆப்பிள் மரம் நட்ட அன்றே காய்ப்பதில்லை. அந்த இரண்டு நவம்பர்களால் எத்தனை குடும்பங்கள் பல ஆண்டு வருமானத்தை இழந்தன என்பதை நெல் விளைவிக்கும் நம்மவர்கள் எளிதில் அளவிட முடியாது.

பனி மரத்துக்குப் பகை மட்டுமன்று. தடித்த பனியின் அடியில் நிலம் உறைநிலைக்கு வெகுவாகக் கீழே போவதில்லை. மேலே காற்று கத்திபோல் வெட்டும்போது நாற்றுகள் போர்வைக்குள் இருப்பதுபோல் பிழைத்துக்கிடக்கும். நம் நீலகிரியில் இந்தப் போர்வை இல்லை. வெறும் உறைபனி மட்டுமே உண்டு. உதகைப் பக்கத்தில் சோலைக்காடுகள் பெரும்பாலும் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒதுங்கி, திறந்த வெளிகள் புல்லாகவே இருப்பதற்கு உறைபனியால் நாற்றுகள் கருகுவது ஒரு முக்கியக் காரணம் என்பர். அந்தப் புல்வெளியில் துணிந்து நிற்கும் ஒரே மரம் செந்நிறப் பூக்கள் பூக்கும் காட்டுப்பூவரசு. அதன் நெருங்கிய உறவினம் இமயத்தில் பனிக்குள் பூக்கிறது.

இனிப் பனிச்சரிவுக்கு வருவோம். முப்பது பாகைக்குக் குறைந்த சரிவில் பனி பெரும்பாலும் தங்கி நிற்கும். மிகச் செங்குத்தான பாறையில் அது சேர்வதற்கு முன்பே உதிர்ந்துவிடும். முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட சரிவே ஆபத்தானது. அங்கே படலம் படலமாகச் சேரும் பனியில் ஏதேனும் ஒரு படலம் பலவீனமாக இருந்தால், மேலுள்ள பாரம் முழுவதும் பலகைபோல் பெயர்ந்து புறப்படுகிறது. காடு நிற்கும் இடத்தில் இது எளிதில் நிகழாது. கிளைகள் பனியில் ஒரு பகுதியை மேலேயே பிடித்துக்கொள்கின்றன. பின்னர் அது கட்டி கட்டியாகக் கீழே விழுந்து, அடியிலுள்ள படலங்களைக் குத்திக் கலைத்துவிடுகிறது. அடிமரங்கள் முளையடித்ததுபோல் நின்று பனியைத் தைத்து வைக்கின்றன. காற்று குறைவாதலால் பனி ஓரிடத்தில் குவிவதும் குறைவு.

ஆனால் காட்டின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. புறப்படும் பனியை அது புறப்படும் இடத்தில் தடுக்கும். புறப்பட்டு ஓடிவரும் பனியைத் தடுக்க அதனால் இயலாது. மரங்கள் வளரமுடியாத உயரத்தில், மேற்கு இமயத்தில் சுமார் 3,500 மீட்டருக்கு மேல், வெட்டவெளியில் தொடங்கி நூறு, இருநூறு மீட்டர் ஓடி வேகம் பிடித்துவிட்ட பனிச்சரிவு, முதிர்ந்த தேவதாருவையும் தீக்குச்சிபோல் ஒடித்துவிடும். தூள்பனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கும்போது அதற்கு முன்னே தள்ளப்படும் காற்றே மரங்களைச் சாய்க்கப் போதுமானது. ஒடிந்த மரங்கள் பனியோடு சேர்ந்து கீழேயுள்ள வீடுகளை இடிக்கும் உலக்கைகளாகவும் மாறிவிடுகின்றன.

ஆண்டுதோறும் பனி நடக்கும் இத்தகைய பாதைகளில் தடித்த மரம் எதுவும் தங்குவதில்லை. வளைந்து கொடுக்கும் மெல்லிய தண்டுகளே பிழைக்கின்றன. இமயத்தில் அவ்விடங்களைப் பிடித்துக்கொள்வன வில்லோச் செடிகளும் பூர்ஜ மரமுமாகும். பனியின் கீழ்நோக்கிய இழுவையால் பூர்ஜ மரத்தின் அடித்தண்டு அரிவாள்போல் வளைந்து, பிறகு மேல்நோக்கி நிமிர்கிறது. சுபேதார் சாயபு எச்சரித்த 'ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள்' இவைதாம்.

பூர்ஜ மரம் நமக்கு அந்நியமன்று. கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பிரூனி, வடநாட்டார் இம்மரத்தின் பட்டையை உரித்து எண்ணெய் பூசி மெருகேற்றி அதில் எழுதுகிறார்கள் என்றும், தென்னாட்டார் பனையோலையைத் துளையிட்டுக் கயிறு கோத்து எழுதுகிறார்கள் என்றும் அடுத்தடுத்துக் குறித்துள்ளார். நம் பனையோலைக்கு அவர்கள் நாட்டில் நேர் நின்றது பூர்ஜப்பட்டை. 1931இல் கில்கித் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட பழைமையான பௌத்தச் சுவடிகள் இப்பட்டையில் எழுதப்பட்டவையே. நம் ஓலையைக் கறையான் தின்றது. அந்தப் பட்டையைக் குளிர்நாடு காப்பாற்றித் தந்தது.

இம்மரம் பட்டையில் பிறர் எழுத இடம் தந்ததோடு, தன் உள்ளேயும் ஒரு வரலாற்றை எழுதி வைக்கிறது. மரங்கள் ஆண்டுக்கு ஒரு வளையமாகப் பருக்கின்றன. பனிச்சரிவு மோதிய ஆண்டில் வளையத்தில் வடு விழுகிறது. சாய்ந்த மரம் நிமிர முயலும்போது ஒரு பக்கம் மட்டும் தடிக்கிறது. இவற்றை எண்ணினால் எந்த ஆண்டில் பனி இறங்கியது என்று கணிக்கலாம். மணாலிக்கு அருகேயுள்ள சரிவுகளில் பன்னாட்டு ஆய்வாளர்கள் இவ்வாறு மரவளையங்களைப் படித்து, சுமார் 150 ஆண்டுகளின் பனிச்சரிவு வரலாற்றை மீட்டு 2018இல் வெளியிட்டார்கள். குளிர்காலத்தின் பிற்பகுதியில் வெப்பம் கூடிப் பனி ஈரமாவதால் அண்மைப் பதிற்றாண்டுகளில் சரிவுகள் பெருகியுள்ளன என்பது அவர்கள் முடிவு. எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லாத செய்தியை மரங்கள் வைத்திருந்தன. பாபரின் காலத்து மரங்கள் சில நின்றிருக்குமானால் அவர் விட்டுப்போனதை அவை நிரப்பியிருக்கும்!

காடு பனியைத் தடுக்கும் என்னும் உண்மையைச் சட்டமாக்கிய பெருமை சுவிட்சர்லாந்து மலைவாசிகளைச் சாரும். ஆண்டர்மட் என்னும் சிற்றூர் மக்கள் 1397ஆம் ஆண்டில் தம் ஊருக்கு மேலே நின்ற காட்டை எவரும் வெட்டக்கூடாது என்று ஆவணம் எழுதி வைத்தார்கள். சுற்றிலும் மலைகள் மொட்டையான பின்பும் ஊருக்கு மேலே முக்கோண வடிவில் அந்த ஒரு காடு மட்டும் பல நூற்றாண்டுகள் நின்றது. ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் 1804இல் எழுதிய வில்லியம் டெல் நாடகத்தில் கூட, இப்படிப்பட்ட காடு இல்லாவிட்டால் ஊர் பனியில் புதைந்திருக்கும் என்று தந்தை மகனுக்கு விளக்கும் காட்சி வருகிறது.

இதைப் படித்தபோது நமக்குச் செஞ்சி நினைவுக்கு வந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதிலால் இணைத்த அக்கோட்டையை, ஔரங்கசீபின் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை சூழ்ந்து நின்றார். முள்ளும் புதரும் அடர்ந்த காடுகளே கோட்டையின் முதல் மதில் என்பது தமிழர் போர்முறை. திருவள்ளுவரும் அரணின் உறுப்புகளில் நிழற்காட்டைச் சேர்த்திருக்கிறார். அதற்குக் காவற்காடு என்று பெயர். நாம் படைக்கு எதிரே நிறுத்திய காவற்காட்டை ஆண்டர்மட் மக்கள் பனிக்கு எதிரே நிறுத்தினார்கள். அரபு நாட்டில் மேய்ச்சல் நிலத்தைப் பொதுநன்மைக்காக ஒதுக்கி வைக்கும் 'ஹிமா' முறையை அறிந்த வாசகர்களுக்கும் இது புதுமையாகத் தோன்றாது. மதீனாவுக்கு அருகே நகீஃ என்னும் இடம் அவ்வாறு ஒதுக்கப்பட்டிருந்தது.

காவலர் இருந்தும் காவல் தவறியதுண்டு. 1950-51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலை முழுவதும் பனி பொங்கியபோது சுவிட்சர்லாந்தில் மட்டும் ஏறத்தாழ நூறு பேர் மடிந்தனர். ஆண்டர்மட்டும் தப்பவில்லை. அதன் பின்னர் பனி புறப்படும் உயரங்களில் எஃகு வேலிகளை நட்டு, வேலிகளுக்கு இடையே மரக்கன்றுகளை வைத்தார்கள். கன்று பெரிதாகிப் பொறுப்பேற்கும்வரை எஃகு நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. மலையுச்சியில் ஒரு மரம் அந்நிலையை அடைய அறுபது, எழுபது ஆண்டுகள் செல்லும். வெட்டுவதற்கு ஒரு முற்பகல் போதும்.

நம் நாட்டு இமயத்தில் நடந்தது வேறு. 1850களில் ஃபிரடெரிக் வில்சன் என்னும் ஆங்கிலேயர் தெஹ்ரி அரசரிடம் குத்தகை பெற்றுப் பாகீரதிப் பள்ளத்தாக்கின் தேவதாருக்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டார். இருப்புப்பாதை விரிந்தபோது தண்டவாளக் கட்டைகளாக மலைக்காடுகள் சமவெளிக்கு இறங்கின. அவர்கள் வெட்டிய இடமெல்லாம் பனிச்சரிவு தொடங்கும் இடமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எனினும் எந்தச் சரிவில் மரம் நிற்கவேண்டும், எதில் வெட்டலாம் என்று மலைவாசியைக் கேட்க எவரும் நினைக்கவில்லை. கங்கோத்ரிக்கு மேலே போஜ்பாசா என்றோர் இடம் உண்டு. 'பூர்ஜ மரங்களின் உறைவிடம்' என்பது பெயரின் பொருள். யாத்திரிகர்களின் அடுப்புக்கே அம்மரங்கள் பெரும்பாலும் பலியாகி, பெயர் மட்டும் மிஞ்சியது. மலையேறும் வீராங்கனையும் பேராசிரியருமான ஹர்ஷவந்தி பிஷ்ட் அப்பக்கத்தில் பூர்ஜக் கன்றுகளை நட்டு வளர்க்கும் பணியில் இறங்கியது பாராட்டத்தக்கது.

1974 மார்ச் 26 அன்று அலக்நந்தா மலைநாட்டு ரேணி கிராமத்தில் கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்றதை நாடறியும். அதே ரேணியின் அருகில் 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2 கோடியே 70 இலட்சம் கனமீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கை வழியே பாய்ந்து இருநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. எந்தக் காடும் அதைத் தடுத்திருக்க முடியாது. வழியிலிருந்த மரங்களைக் காற்றே படுக்க வைத்துவிட்டது. ஆகவே மரம் இருந்தால் மலை பொறுத்துக்கொள்ளும் என்று எளிதாகப் பேசுவோர் பேச்சை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. ரேணிப் பெண்கள் காத்தது வேறு சரிவுகளை, வேறு ஆபத்துகளிலிருந்து. அவர்கள் செய்தது சரி என்பதற்கு இந்தப் பேரழிவு எதிர்ச்சாட்சியாகாது.

2005 பிப்ரவரியில் தென்காஷ்மீரத்து வால்டெங்கு நார் கிராமத்தைப் பனிச்சரிவு மூடியபோது நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளிர்காலம் முழுவதும் அடுப்பும் காங்ரியும் எரிந்தால்தான் உயிர்வாழ முடியும் என்ற நிலையிலுள்ள மலைவாசியிடம், மேல்சரிவு மரத்தைத் தொடாதே என்று சட்டம் மட்டும் சொன்னால் போதாது. அவன் அடுப்புக்கு வேறு வழியும் சொல்லவேண்டும். ஆண்டர்மட் மக்கள் தாமே எழுதிய ஆவணத்தைத் தாமே காத்தார்கள். எங்கிருந்தோ வந்த உத்தரவுக்கு அந்தப் பிடிப்பு இருப்பதில்லை.

மரமே வளராத உயரங்களில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. சியாச்சின் என்னும் பல்திமொழிச் சொல்லுக்குக் காட்டு ரோஜாக்கள் மிகுந்த இடம் என்று பொருள் கூறுவர். பெயரளவில்தான் ரோஜா. அந்தப் பனிமலைப் பகுதியில் 2012 ஏப்ரல் 7 அன்று கயாரி முகாமில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் புதையுண்டனர். 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் இருந்த நம் நாட்டுக் காவல்முகாமின் மேல் பனி விழுந்தது. அங்கிருந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். ஆறு நாட்களுக்குப் பின் ஒருவர் மட்டும் உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டு, டெல்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று காலமானார். அப்பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டவர். வேலூர், கிருஷ்ணகிரி, மதுரை, தேனி மாவட்டங்களிலிருந்து ஒவ்வொருவராகச் சென்றவர்கள். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி அறியாத சிற்றூர்களில் அவர்களுடைய தாய்மார் அந்தச் செய்தியைக் கேட்டார்கள்.

செய்தி வந்தபோது சுபேதார் சாயபு மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய வீட்டார் பழைய பெட்டியைத் திறந்து நமக்கு ஒரு பொருளைக் காட்டினார்கள். உர்தூ நூல் ஒன்றின் நடுவில் உள்ளங்கை அகலமுள்ள பூர்ஜப்பட்டை இருந்தது. வெளிறிய செம்மண் நிறம். காகிதத்தைவிட மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. அதன்மேல் பென்சிலால் ஒரு தேதியும், ஒரு கணவாயின் பெயரும், 'இவ்விடம் தங்கவில்லை' என்று தமிழில் இரண்டு சொற்களும் எழுதப்பட்டிருந்தன.